லீவுக்கு என்ன வாங்கலாம்?

சின்னப் பிள்ளைகளுக்கான விடுமுறைப் பரிசு: கடையில் பார்க்க வேண்டியவை, வீட்டில் நடப்பவை

சித்திரை பிறந்து சில நாட்களே ஆன ஒரு மாலை. சென்னை பூங்கா நகர் ஈவினிங் பஜாரில் கால் வைக்க இடமில்லை. கடை வாசல்களில் பந்துகள் வலைப்பைக்குள் தொங்குகின்றன. தரையில் விட்ட பேட்டரி நாய்க்குட்டி குரைத்துக்கொண்டே சுவரில் முட்டித் திரும்புகிறது. பத்துக் கடைகளிலிருந்து பத்துவிதமான பாட்டு. அந்த இரைச்சலில் மஞ்சள் பையோடு வந்த பெரியவர் ஒருவர் கடைக்காரரின் காதருகே குனிந்து சொல்கிறார்: "மக வயித்துப் பிள்ளை லீவுக்கு வருது தம்பி. அஞ்சு வயசு. சும்மா விளையாட்டுச் சாமானா இல்லாம, அறிவு வளர்ற மாதிரி ஏதாவது குடுங்க."

"பையனா, பொண்ணா?"

"பையன்."

"எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க?"

"ஒரு ஐநூறுக்குள்ள."

அலமாரியிலிருந்து இறங்குகிறது பளபளக்கும் அட்டைப்பெட்டி. உள்ளே லேப்டாப் போல ஒரு பிளாஸ்டிக் பலகை. கடைக்காரர் ஒரு பட்டனை அழுத்துகிறார். பச்சை விளக்கு எரிகிறது, 'ஏ ஃபார் ஆப்பிள்' என்கிறது ஒரு குரல். "ஏபிசிடி சொல்லும், ஒண்ணு ரெண்டு சொல்லும், மிருகம் கத்துற சத்தமும் வரும். எஜுகேஷனல் ஐட்டம் சார்." சில நிமிடங்களில் வியாபாரம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எதில் ஆசை, எதை எடுத்தால் கீழே வைக்காமல் விளையாடுவான் என்று கடைக்காரரும் கேட்கவில்லை, தாத்தாவும் சொல்லவில்லை.

கோடை விடுமுறை தொடங்கியதும் தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளில் இந்தக் காட்சி நடக்கிறது. கடை மாறலாம், ஆன்லைனில் ஆர்டர் போடலாம், ஐநூறு ஐயாயிரம் ஆகலாம். வயது, ஆணா பெண்ணா, பட்ஜெட் என்ற மூன்று விவரத்தோடு தேர்வு முடிந்துவிடுகிறது. பெட்டியின் மேல் 'கல்வி' என்று அச்சிட்டிருந்தால் வாங்குபவருக்கு நிம்மதி. அந்தச் சொல்லை அச்சிட எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. விற்பவர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். அதனால் பெட்டியில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

பொம்மை பேசினால் அம்மா பேசுவதில்லை

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா சோசா இதைத்தான் அளந்து பார்த்தார். 10 மாதம் முதல் 16 மாதம் வரையிலான குழந்தைகள், அவர்களின் பெற்றோர் என 26 ஜோடிகள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வகைச் சாமான்கள் கொடுக்கப்பட்டன. பேசும், பாடும் மின்னணுப் பொம்மைகள் ஒரு வகை. மரப் புதிர், வடிவம் பார்த்துப் போடும் பெட்டி, ரப்பர் கட்டைகள் இன்னொரு வகை. தடித்த அட்டைப் படப் புத்தகங்கள் மூன்றாவது. விளையாடும்போது வீட்டில் எழும் பேச்சு முழுவதும் பதிவானது.

2016இல் அச்சில் வந்த அந்த ஆய்வின் முடிவு பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. குழந்தை மழலையில் ஏதோ சொல்ல, அம்மா பதில் சொல்ல, மறுபடி குழந்தை சொல்ல என்று போகும் மாற்றி மாற்றிப் பேச்சும் குறைந்தது. புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். கட்டைகளும் புதிர்களும் நடுவில் நின்றன.

காரணம் புரியாததல்ல. குழந்தை ஒரு படத்தைக் காட்டி "ம்மா" என்றால், "ஆமாண்டா கண்ணு, மாடு, நம்ம தெருவுல வருமே அந்த மாடு" என்று ஓர் அம்மா சொல்வாள். பட்டனை அழுத்தியதும் பொம்மையே கத்திவிட்டால் அவள் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பொம்மை எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாட்டைத்தான் சொல்லும். தெருவில் வரும் மாட்டை அதற்குத் தெரியாது. ஒன்று முதல் மூன்று வயது வரை மொழி வளர்வது இந்த மாற்றி மாற்றிப் பேச்சில்தான். மொழி கற்றுத்தரும் என்று சொல்லி விற்கப்படும் பொம்மை மொழியின் ஊற்றையே அடைக்கிறது என்றால், வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2018 டிசம்பரில் இதே திசையில் ஆலோசனை வெளியிட்டது. சின்னக் குழந்தைக்கு நல்ல பொம்மை என்பது விலை உயர்ந்ததாகவோ மின்னணு வகையாகவோ இருக்க வேண்டியதில்லை. குழந்தையும் பெரியவரும் சேர்ந்து விளையாடத் தூண்டுவதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வயதுக்கு ஏற்ற விளையாட்டு

எந்த வயதுக்கு எது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியமே குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பார்த்தது. தலையும் உடலும் தூக்கி ஆடும் செங்கீரை முன்னதாக, கை கொட்டும் சப்பாணி பிறகு, தளர்நடை போட்டு வரும் வருகை அதற்கும் பிறகு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும் கடைசிப் பருவங்கள். பெண்பாலில் அம்மானையும் ஊசலும். உடல் தயாரான பிறகே அடுத்த விளையாட்டு என்ற புரிதல் அதில் இருக்கிறது. இன்றைய கடைகளில் அது தலைகீழாகிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பலகை, மூன்று வயதுக்கு ரிமோட் கார். பிள்ளை ரிமோட்டைக் கடிக்கிறது, அப்பா காரை ஓட்டுகிறார்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அதிகம் வாங்க வேண்டாம். கையில் அடங்கும், வாயில் வைத்தால் தீங்கில்லாத, குலுக்கினால் மெல்லச் சத்தம் வரும் ஒரு கிலுகிலுப்பையும் துணிப் பந்தும் போதும். ஒன்றிலிருந்து மூன்று வரை உருட்ட, தள்ள, அடுக்க, அடுக்கியதைத் தட்டிவிட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், நடைவண்டி, பெரிய பந்து. நம் சமையலறையின் எவர்சில்வர் டப்பாக்களும் மூடிகளும் இந்த வேலையை இலவசமாகவே செய்கின்றன.

மூன்றிலிருந்து ஆறு வரைதான் பரிசு கொடுப்பவருக்குப் பொற்காலம். ஒரே பொருள் பல பொருளாகும் வயது இது. மரக்கட்டை காலையில் பஸ், மதியம் செல்போன், மாலையில் சாமி. ஜெர்மனியில் 1837இல் சின்னக் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிய பிரெடரிக் ஃப்ரோபெல், தான் வடிவமைத்த கம்பளிப் பந்து, கோளம், கனசதுரக் கட்டைகளுக்கு வைத்த பெயரே 'பரிசுகள்'. மரியா மாண்டிசோரி 1939 இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் சில ஆண்டுகள் இங்கேயே, கொடைக்கானலிலும் தங்கிக் கற்பித்தார். இன்று தமிழகத்தின் மழலையர் பள்ளிகளில் காணும் உருளைக் கட்டைகளுக்கும் எண் கம்பிகளுக்கும் அந்த வருகையோடு நேரடி உறவு உண்டு.

ஆகவே இந்த வயதுக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், சாதாரண மரக்கட்டைகள் வாங்குங்கள். படம் ஒட்டாத, எழுத்து எழுதாத கட்டைகள். ஐம்பது அறுபது கட்டைகள் இருந்தால் மூன்று வயதில் கோபுரமும் ஐந்தில் பாலமும் எழும். எட்டு வயதில் அதே கட்டைகள் ஊரே ஆகும். கடையில் விலை அதிகமாகத் தெரிந்தால் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் கேளுங்கள். மிச்சத் துண்டுகளை அளவாக அறுத்து, விளிம்பு மழுங்க உப்புத்தாள் போட்டுத் தருவார்கள்.

இதே வயதில் களிமண்ணுக்கு இணையான பரிசு வேறில்லை என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. மண்பானை செய்பவரிடம் கேட்டால் பிசைந்த மண் உருண்டை கிடைக்கும். ஈரத்துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் காயாது. பிசைவதும் உருட்டுவதும் கிள்ளுவதும் விரல்களுக்குத் தரும் பலம், பிறகு பென்சில் பிடிக்கும்போது தெரியும். நான்கு வயதுக் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கத் தவிக்கும் பெற்றோர், அதே கைக்கு இரண்டு மாதம் மண் கொடுத்துப் பார்க்கட்டும்.

பெட்டிச் செய்தி: வாங்கும் முன் இதைப் பாருங்கள்

இந்தியத் தரக் கவுன்சில் 2019இல் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அதன் பிறகு 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, 3 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் விழக்கூடிய எந்தப் பொருளும் வேண்டாம். தொண்டையை அடைக்கும்.

பட்டன் பேட்டரி போடும் பொம்மையில் பேட்டரி மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் இந்தப் பேட்டரி இருக்கிறது.

சின்னஞ்சிறு காந்த உருண்டைகள், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும் வண்ண ஜெல் மணிகள் இரண்டும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கே ஆகாதவை. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். ஜெல் மணி வயிற்றுக்குள்ளேயே பெருகும்.

வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி எறியுங்கள். கைக்குழந்தையின் பொம்மையில் ஒரு சாணுக்கு மேல் கயிறு தொங்கக் கூடாது.

நம் ஊர் கடைசல், நம் ஊர்க் குழிகள்

திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம் பக்கம் கடைசல் பட்டறைகளில் செய்யும் மரச்சொப்புகளுக்குப் பழைய பெயர் உண்டு. அடுப்பு, பானை, அம்மி, திருகை, கரண்டி என விரல் அளவில் ஒரு குடும்பமே ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பக்கத்து மாநிலத்தில் சென்னபட்டணா பொம்மைகள் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்யப்படுகின்றன.

சொப்பு விளையாட்டைப் பெண் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டிவிட்டோம். கடைகளில் இளஞ்சிவப்பு அட்டையில் வரும் கிச்சன் செட் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. உண்மையில் சொப்பு வைத்து விளையாடும் பிள்ளை செய்வது சமையல் மட்டுமா? "டீ எவ்ளோ? பத்து ரூவா. சில்லறை இல்ல, அப்புறம் வாங்க" என்று ஒரு டீக்கடையையே நடத்துகிறது. கேட்ட பேச்சைத் திருப்பிச் சொல்கிறது, வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறது, சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறது. ஆண் பிள்ளைக்கும் இது வேண்டும். பெண் பிள்ளைக்கு ஸ்பேனரும் திருப்புளியும் உள்ள டூல் செட்டும், ஓட்டும் லாரியும் வேண்டும்.

தஞ்சாவூர் பொம்மையைத் தள்ளினால் சாய்ந்து நிமிரும். அடிப்பாகம் வளைவாகவும் கனமாகவும் இருப்பதால் எடையின் மையம் கீழேயே நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்தால் வேலை பாதிதான் முடிந்தது. காலி முட்டை ஓட்டுக்குள் களிமண் வைத்து அதேபோல் ஒன்று செய்ய விடுங்கள். மண் கொஞ்சமானால் விழுகிறது, உச்சி வரை நிரப்பினாலும் விழுகிறது. எவ்வளவு வைத்தால் நிமிர்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

பல்லாங்குழிக்கு வருவோம். ஏழு ஏழாக 14 குழிகள், குழிக்கு ஐந்து முத்து என்றால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். தன் பக்கக் குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது பல ஊர்களின் வழக்கம். முத்து தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கடுத்த குழியில் இருப்பது பரிசு. ஐந்து வயதில் பிள்ளை எண்ணிப் போடப் பழகுகிறது. ஏழு வயதில், எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று போடும் முன்பே கண்ணால் எண்ணுகிறது. ஆட்டம் முடிந்து கையிலுள்ள முத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் குழியை நிரப்பும்போது மிஞ்சுவதும் போதாததும் தெரிகிறது. பள்ளியில் மீதியுள்ள வகுத்தல் வருவதற்கு முன்பே பாட்டி அதை நடத்தி முடித்திருப்பாள்.

ஓர் எச்சரிக்கை. முத்தாக மஞ்சாடியோ புளியங்கொட்டையோ சோழியோ போடுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. முத்து எதுவானாலும் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு ஒரு பரிசு

விடுமுறையில் பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் தாத்தா வீட்டில் கூடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா ஒருவனுக்கு டிரோனும் இன்னொருத்திக்குப் பென்சில் பாக்ஸும் கொடுத்தால் அன்று ராத்திரியே வீடு இரண்டாகும். பிள்ளைகள் அழுவது பொருளுக்காக மட்டுமல்ல. யாருக்கு எவ்வளவு பாசம் என்று அவர்கள் அதில் கணக்குப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் மனதிலும் அது தங்கிவிடுகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி, ஆளுக்கு ஒன்று வாங்காமல் கூடும் வீட்டுக்கே ஒன்று வாங்குவது. தாயக்கட்டை, கேரம் போர்டு, ஒரு கால்பந்து, மரத்தில் கட்ட ஒரு நல்ல ஊஞ்சல் கயிறு. பரமபதத்தில் திறமைக்கு வேலையே இல்லை, முழுக்கத் தாயத்தின் போக்கு. அதனால்தான் ஐந்து வயதுப் பேத்தி எழுபது வயதுத் தாத்தாவைத் தோற்கடிக்க முடிகிறது. தோற்றால் அழும் பிள்ளைக்கும், பாம்பு கடித்துக் கீழே வந்த தாத்தா சிரிப்பதைப் பார்ப்பது ஒரு பாடம்.

சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு யோசனை. பக்கச் சக்கரம் மாட்டாமல், பெடல்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்திக் கொடுங்கள். காலால் உந்தி உந்திச் சமநிலை பழகிய பிறகு பெடலை மாட்டினால் பிள்ளை சீக்கிரம் ஓட்டிவிடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. நம் வெயிலுக்கு அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கத்திரியில் நடுப்பகல் வீட்டுக்குள் கழியட்டும்.

கதை கேட்கும் காது

புத்தகம் என்றதும் 'அதுக்குத்தான் ஸ்கூல் இருக்கே' என்று பிள்ளை முகம் சுளித்தால், அதன் கையில் இதுவரை கொடுக்கப்பட்டவை பாடப்புத்தகத்தின் தம்பிகளாக இருந்திருக்கும். சென்னையிலேயே 1996 முதல் இயங்கும் தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளைத் தருகிறது. தாரா புக்ஸ் 1994 முதல் பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து செய்யும் புத்தகங்களில் சில கையாலேயே அச்சிட்டுத் தைத்தவை. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வரிசையும் நேஷனல் புக் டிரஸ்டின் நேரு குழந்தைகள் நூலக வரிசையும் விலையில் எளியவை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே பதிவிறக்கி அச்சடித்துக்கொள்ளலாம்.

வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைக் காட்டிச் சொந்தக் கதை சொல்லலாம். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் மாமா, ஒரு புத்தகத்தை இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டு வீடியோ காலில் வாசித்துக் காட்டலாம். இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி 2021இல் சொன்ன திரை நேர வரையறையில் இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, உறவினரோடு பேசும் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். இந்த அளவை வைத்துப் பார்த்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொந்தமாக டேப்லெட் வாங்கித் தருவது பரிசாகாது. வாங்கிய பிறகு அதைப் பிடுங்குவதே அந்த வீட்டின் தினசரி வேலையாகிவிடும்.

பெட்டிச் செய்தி: சின்னச் செலவு, நீண்ட விளையாட்டு

தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை கதவு, நாய், பாட்டியின் கூந்தல் என எல்லாவற்றையும் அளந்து வரும். பூதக்கண்ணாடி இருந்தால் எறும்புப் புற்றருகே காலை முழுவதும் போகும். கறுப்பு சிலேட்டும் கலர் சாக்பீஸும், ஒரு டார்ச், பழைய வேட்டிகளும் துப்பட்டாக்களும் போட்ட வேஷப் பெட்டி, வெண்டை, அவரை விதைகளும் ஒரு சின்ன மண்வெட்டியும். ஏழு, எட்டு வயதினருக்கு அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள். கான்பூர் ஐஐடியில் படித்து, கிராமப்புற அறிவியல் கல்வியில் இறங்கி, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர் இவர். சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் வீடும் கூடாரமும் கட்டும் முறையைப் பரப்பினார். குப்பையிலிருந்து செய்யும் அவரது நூற்றுக்கணக்கான பொம்மைகளின் செய்முறை அவர் தளத்தில் இலவசம். குச்சியின் மருந்து முனையைப் பெரியவர்கள் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

மார்க்குக்குக் கூலி

"ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தா சைக்கிள்." "முப்பது நாள் கையெழுத்து எழுதினா பொம்மை." விடுமுறைப் பரிசுகள் பலவும் இப்படிப் பேரம் பேசியே வருகின்றன. இதன் விளைவை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமலே வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், பரிசு உண்டு என்று சொல்லி வரைய வைத்த பிள்ளைகள் தாமாக வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைந்திருந்தது.

ஆசையாகச் செய்ததை வேலையாக்கிவிட்டார்கள். கதைப் புத்தகம் வாசித்தால் காசு என்று சொல்லும் வீட்டில், காசு நின்றால் வாசிப்பும் நிற்கும். பரிசைப் பரிசாகவே கொடுக்கலாம். லீவு வந்துவிட்டது, நீ வந்திருக்கிறாய், இதோ உனக்கு. இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

கூடை நிறைந்தால் கை ஓய்ந்துவிடும்

அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சின்னக் குழந்தைகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. ஒருமுறை அறையில் 4 பொம்மைகள், இன்னொரு முறை 16. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். பதினாறு இருந்தபோது ஒன்றை எடுப்பதும் விடுவதுமாகத் தாவினார்கள். 'எவ்வளவு வாங்கிக் குடுத்தாலும் போரடிக்குதுங்கிறா' என்று புலம்பும் வீடுகளுக்கு இதில் பதில் இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டாம். இருப்பதில் முக்கால்வாசியைப் பரணில் ஏற்றுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இறக்குங்கள். பழைய பொம்மை புதிதாக வந்து இறங்கும்.

கண்பார்வைக் குறைபாடோ கேட்கும் குறைபாடோ வளர்ச்சித் தாமதமோ உள்ள பிள்ளைக்கு வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்க்க வேண்டாம். பிள்ளை இப்போது எதைச் செய்கிறது, எதற்குச் சிரிக்கிறது என்று தாயிடமோ பயிற்சியாளரிடமோ கேட்டு வாங்குங்கள். மணி கட்டிய பந்து, சொரசொரப்பும் மென்மையும் கலந்த துணிப்பை, பெரிய பிடி வைத்த புதிர்ப் பலகை எல்லாம் அந்தப் பிள்ளையை மற்ற பிள்ளைகளின் ஆட்டத்துக்குள் கொண்டுவரும்.

பொருளே வேண்டாம் என்றால் ஓர் இடத்தைப் பரிசாகக் கொடுக்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென தனிப்பகுதி உண்டு. திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். அதே 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள், அகழாய்வில் கிடைத்த தாயக்கட்டைகளையும் ஆட்டக் காய்களையும் சுடுமண் வட்டச் சில்லுகளையும் தவறாமல் காட்டுங்கள். நொண்டி ஆடும் பிள்ளைக்கு, தன் கையிலிருக்கும் சில்லுக்கு எத்தனை வயது என்று தெரிந்துவிடும்.

பரணில் ஏற்றிய பொம்மைகளில் பல மறுபடி இறங்காமலே போகும். தமிழகத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு அருகிலும் ஒன்று இருக்கும். உடைந்தவற்றையும் பேட்டரி மூடி கழன்றவற்றையும் நீக்கிவிட்டு, நல்லவற்றைக் கழுவி உலர்த்துங்கள். எதைக் கொடுப்பது என்று உங்கள் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.